ஓராண்டுச் சான்றிதழின் வரவும் செலவும்

மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த கையோடு சேலம் மாவட்டத்தின் தம்மம்பட்டி, கெங்கவல்லி, ஆத்தூர் பேருந்து நிலையங்களைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்த மாதிரி சுவரொட்டிகள் முளைக்கும். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், சிரித்த முகம். கீழே கொட்டை எழுத்தில்: பத்தாம் வகுப்பு பாஸ் அல்லது ஃபெயில், ஒரே வருடத்தில் நர்சிங், நூறு சதவீதம் வேலை. கைபேசி எண் இருக்கும். எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும் என்பது இருக்காது.

'நர்சிங் அசிஸ்டென்ட்', 'ஹெல்த் அசிஸ்டென்ட்', 'மெடிக்கல் அசிஸ்டென்ட்', 'பேஷன்ட் கேர்' என்று இந்த ஓராண்டுப் படிப்புகளுக்குப் பல பெயர்கள் உண்டு. எந்தப் பெயரில் படித்தாலும், மருத்துவருக்கும் செவிலியருக்கும் கைத்துணையாக நிற்கும் வேலைதான். அந்த ஒரு வருடத்துக்கு ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது, எவ்வளவு திரும்ப வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சேர்க்கை அட்டையில் அச்சடித்த கட்டணத்தை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது.

யார் வீட்டுப் பிள்ளைகள் இதில் சேர்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். தம்மம்பட்டியைச் சுற்றி மரவள்ளியும் பாக்கும் விளைகிற நிலம். ஊருக்குள் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழில். ஆத்தூர்ப் பக்கம் போனால் சேகோ ஆலைகள். கிழங்கு விலை விழுந்த வருடம் வீட்டில் காசு இருக்காது. நீட் எழுதி மருத்துவம் போகும் பிள்ளைகள் அரிது. மதிப்பெண் 350, 400 என்று நின்ற பெண்ணை, 'கடையில் நின்று துணி மடிப்பதைவிட ஆஸ்பத்திரி வேலை கௌரவம்' என்று பெற்றோர் அனுப்புகிறார்கள். அந்த எண்ணத்தில் தப்பில்லை. நோயாளியைத் தொட்டுத் துடைத்து எழுப்பி உட்கார வைக்கிற வேலையைவிடக் கௌரவமானது எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கௌரவத்துக்கு உரிய கூலி எங்கே நின்றுபோகிறது என்பதுதான் என் கவலை.

செலவிலிருந்து தொடங்குவோம். தனியார் பயிற்சி நிலையங்களின் ஓராண்டுக் கட்டணம் இந்தப் பக்கம் இருபதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை விரிகிறது. கணக்குக்காக நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். தேர்வுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், 'பிராக்டிகல்' கட்டணம் என்று பின்னால் தனித்தனியாக வருவது ஐயாயிரத்தைத் தொடும். இரண்டு செட் சீருடை, ஷூ, புத்தகம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் நாலாயிரம். பயணம் ஊரைப் பொறுத்தது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த வண்டி நேரத்துக்குக் கிடைத்தால் ஆத்தூர் போய்வரும் பெண்ணுக்குப் பயணச் செலவு மிச்சமாகும். வெளியூர்ப் பேருந்தில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். பையனாக இருந்தால் நகரப் பேருந்துச் சலுகையும் இல்லை. சேலத்தில் விடுதி என்றால் கணக்கே வேறு. ஆத்தூரோடு நிறுத்திக்கொண்டாலும் பயணமும் மதியச் சாப்பாடும் சேர்ந்து பத்து மாதத்துக்கு ஒரு பதினோராயிரம் ஆகும். மொத்தம் அறுபதாயிரம்.

பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகின்றன. ஆனால் பெரிய செலவு இனிமேல்தான். அந்தப் பத்து மாதம் அந்தப் பெண் ஜவுளிக்கடையிலோ மளிகைக்கடையிலோ நின்றிருந்தால் மாதம் ஏழாயிரமாவது வந்திருக்கும். அது எழுபதாயிரம். படிப்பு முடிந்ததும் 'டிரெய்னிங்' என்ற பெயரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு மாதம் சம்பளம் இல்லாமலோ, சாப்பாட்டுக் காசு மட்டும் வாங்கியோ வேலை செய்யச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு நாற்பத்திரண்டாயிரம். ஆக அந்தச் சான்றிதழின் உண்மையான விலை 1,72,000 ரூபாய்.

இப்போது வரவு. சிற்றூர் கிளினிக்கிலும் இருபது முப்பது படுக்கை கொண்ட மருத்துவமனையிலும் ஓராண்டுச் சான்றிதழோடு சேரும் பெண்ணுக்கு ஆறாயிரம் முதல் பத்தாயிரத்துக்குள்தான் தொடக்கம் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த நடப்பு. எட்டாயிரம் என்று கொள்வோம். ஜவுளிக்கடையைவிட மாதம் ஆயிரம் ரூபாய் அதிகம். 1,72,000 ரூபாயை மாதம் ஆயிரமாகத் திரும்ப எடுக்க 172 மாதம் ஆகும், பதினான்கு வருடத்துக்கு மேல். கட்டணத்துக்காக நாற்பதாயிரத்தை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் எண்ணூறு ரூபாய் வட்டிக்கே போகும். அந்த ஆயிரத்தில் மிச்சம் இருநூறு. அசல் அப்படியே நிற்கும்.

இந்த எண்களை ஒவ்வொரு வீடும் தன் நிலைக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பெரிய மருத்துவமனையில் பன்னிரண்டாயிரம் தருகிறார்கள் என்றால் வித்தியாசம் ஐயாயிரம் ஆகிறது. விடுதியும் சாப்பாடும் மருத்துவமனையே கொடுத்தால் மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். கொடுக்காவிட்டால் அந்த ஐயாயிரம் வாடகைக்கே பத்தாது. கட்டணத்தில் ஐயாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று நிலையங்கள் பேரம் பேசும்போது பெற்றோர் மகிழ்ந்து போகிறார்கள். ஆனால் இந்தக் கணக்கைப் புரட்டிப் போடுவது கட்டணம் அல்ல, முடித்த பிறகு சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்பதுதான்.

இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது. சொல்லவே மனசு கனக்கிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். இருபத்தாறு நாள் என்று பெருக்கினால் 8,736. நூறு நாள் வேலை மாதம் முழுக்கக் கிடைக்காது, முழுக்கூலியும் எப்போதும் கைக்கு வருவதில்லை. இருந்தாலும் ஏரிக்கரையில் மண் வெட்டும் அம்மாவின் கூலி விகிதமும், ஊசி எடுத்துக் கொடுக்கும் மகளின் சம்பள விகிதமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. நடுவில் ஒன்றே முக்கால் லட்சம் செலவாகியிருக்கிறது.

அந்த எட்டாயிரத்துக்கு என்ன வேலை என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மாலை ஐந்தரைக்கு கிளினிக் திறக்கும். அதற்கு முன்னால் தரையைக் கூட்டித் துடைத்திருக்க வேண்டும். டோக்கன் கொடுக்க வேண்டும், பழைய நோட்டைத் தேடி எடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், பிரஷர் பார்த்துச் சீட்டின் மூலையில் எழுத வேண்டும். உள்ளே டாக்டர் 'ஒரு டி.டி., ஒரு டைக்ளோ' என்று சொல்லும்போது மருந்தை உறிஞ்சித் தயாராக வைத்திருக்க வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் போடவும் வேண்டும். சர்க்கரைப் புண்ணுக்கு டிரஸ்ஸிங். குழந்தை வாந்தி எடுத்தால் அதைத் துடைப்பது. ஊசியை கட்டரில் வெட்டி வெள்ளை டப்பாவிலும், பஞ்சை மஞ்சள் பையிலும் போடுவது. ஒன்பதரைக்கு கல்லாக் கணக்கை ஒப்படைப்பது. நடுவில் ஏதாவது ஒரு நாள் விரலில் ஊசி குத்தும். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், இப்படி வேலை பார்ப்பவர்களுக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் போடுவது நிறுவனத்தின் கடமை என்று சொல்கின்றன. சேர்ந்த அன்று எத்தனை பேரிடம் 'ஊசி போட்டாச்சா' என்று கேட்கிறார்கள்? வரவு செலவுக் கணக்கில் யாரும் எழுதாத செலவு இது.

முன்பு இந்த வேலையைச் செய்தவரை எல்லோரும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குச் சான்றிதழ் இருந்ததோ இல்லையோ, ஊரில் மரியாதை இருந்தது, டாக்டரோடு முப்பது வருடம் இருப்பார். 1948இல் மருந்தியல் சட்டம் வந்து மருந்து கலந்து கொடுக்கும் வேலையைப் பதிவு செய்த மருந்தாளுநருக்கு என்று பிரித்தது. கம்பவுண்டரின் வேலையில் ஒரு பாதி பதிவேட்டுக்குள் போனது. இன்று குறைந்தது இரண்டு வருட டி.பார்ம் முடித்துப் பதிவு செய்தவர் இல்லாமல் மருந்துக்கடை உரிமம் கிடையாது. அந்தப் பட்டயத்துக்குப் பின்னால் சட்டம் நிற்பதால் சொந்தமாகக் கடை வைக்கவும் வழி இருக்கிறது. மறு பாதி, அதாவது நோயாளியைக் கவனிக்கும் துணை வேலை, பதிவேடு இல்லாமல் வெளியிலேயே தங்கிவிட்டது. இந்த ஓராண்டுச் சான்றிதழ்கள் எல்லாம் அந்த வெளியில் நின்றுகொண்டிருப்பவை.

கட்டுரையின் மையம் என்று நான் நினைப்பது இதைத்தான். இந்தத் துறையில் சம்பளத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு கற்றார்கள் என்பதைவிட, கற்றவருக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறதா என்பது. 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ் நம் மாநிலத்தில் செவிலியர் பதிவு நடக்கிறது. 1947இல் இந்திய செவிலியர் குழுமச் சட்டம் வந்தது. இந்த இரண்டும் ஏற்றுக்கொள்ளும் மிகச் சிறிய படிப்பு, துணைச் செவிலியருக்கான இரண்டு வருட ஏ.என்.எம்., அடுத்து மூன்று வருட ஜி.என்.எம்., அதற்கு மேல் நான்கு வருட பி.எஸ்சி. ஓராண்டுச் சான்றிதழோடு ஒருவர் எத்தனை வருடம் வார்டில் நின்றாலும் செவிலியர் பதிவேட்டில் பெயர் ஏறாது. பத்து வருட அனுபவம் உள்ளவர் வேலையை விட்டு வேறு மருத்துவமனை போனால் புதிதாய் வந்தவராகவே சேர வேண்டியிருக்கிறது. அவர் கைத்திறன் அவரோடு போகிறது. அதற்குச் சாட்சி சொல்லும் தாள் இல்லை.

2021 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற தேசிய துணை மருத்துவ, நலப் பணியாளர் ஆணையச் சட்டம் செவிலியர், மருந்தாளுநர் தவிர்த்த மற்ற துணைத் தொழில்களைப் பத்து வகைகளாகப் பிரித்து ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. ஆய்வகம், எக்ஸ்ரே, மயக்க மருந்துத் தொழில்நுட்பம், டயாலிசிஸ் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அதன் அட்டவணையில் உள்ளன. துணை மருத்துவப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள, இரண்டு முதல் நான்கு வருடங்களில் பரவிய, குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்று அந்தச் சட்டமே வரையறுக்கிறது. சுவரொட்டியில் இருக்கும் ஒரு வருடப் படிப்பு இந்த அளவுகோலுக்குள் வராது. ஆறு மாத 'லேப் டெக்னீசியன்' பற்றிக் கேட்கவே வேண்டாம். இன்று ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை கிடைக்கலாம். பதிவு கட்டாயம் என்று இறுக்கும் நாளில் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்பதை இப்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது.

பதிவேடு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. முறையாகப் படித்துப் பதிவு செய்து போட்டித் தேர்வில் வென்றவர்கள். அரசு கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்த பிறகுதான் வெளி உலகுக்கு அந்தத் தொகை தெரிந்தது. பின்னர் அது 14,000 ஆகி, 18,000 ஆனது. மூன்று நான்கு வருடம் படித்தவருக்கே அரசு அந்தத் தொகையைக் கொடுத்தபோது, ஓராண்டுப் பெண்ணுக்கு ஆத்தூரில் ஒரு நர்சிங் ஹோம் ஐயாயிரம் கொடுத்ததில் வியப்பு என்ன இருக்கிறது? கீழ் மட்டத்தின் கூலி எப்போதும் மேல் மட்டத்தின் கூலியைப் பார்த்துத்தான் குனிகிறது. ஆனாலும் அவர்களால் போராட முடிந்தது, தொகையை உயர்த்த முடிந்தது. அதற்குக் காரணம் அவர்கள் யார், எத்தனை பேர், எந்தத் தகுதி என்பதெல்லாம் பதிவில் இருந்தது. பதிவில்லாத உதவியாளர்கள் எத்தனை பேர் என்றுகூட எண்ண முடியாது. யார் போய் எந்த வளாகத்தில் உட்காருவது?

தனியார் மருத்துவமனைச் செவிலியர் சம்பளம் பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான மருத்துவமனையில்கூட செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு இணையாக வேண்டும் என்றது. கேரளத்தில் செவிலியர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 2018இல் இருபதாயிரத்தைத் தொடக்கமாக வைத்து அரசாணையே வந்தது. தம்மம்பட்டியிலிருந்து ஆத்தூர், இராசிபுரம், துறையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படுபவை பெரும்பாலும் ஐம்பது படுக்கைக்குக் குறைந்தவைதான். அந்தப் பரிந்துரை இந்த வாசல்களைத் தாண்டவில்லை. ஒரு காரணம் வெளிப்படை. இருபதாயிரத்துக்கு ஒரு செவிலியரை வைப்பதற்குப் பதில் தலா எட்டாயிரத்துக்கு இரண்டு உதவியாளரை வைத்துக்கொள்ள முடிகிறது. ஓராண்டுச் சான்றிதழ் அந்தப் பெண்ணை மட்டும் தாழ்ந்த கூலியில் வைக்கவில்லை, முறையாகப் படித்த செவிலியரின் கூலியையும் கீழே இழுக்கிறது. படுக்கையில் இருப்பவருக்கும் அதில் நட்டம் உண்டு. மருந்தின் அளவு தவறினால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அந்த இரவில் பக்கத்தில் இல்லை.

அமெரிக்காவில் மருத்துவ உதவியாளர் என்பது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செய்யும் தனித் தொழில். அங்கேயும் ஏறக்குறைய ஒரு வருடப் படிப்புதான். அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 42,000 டாலர். எல்லாத் தொழிலுக்குமான இடைநிலை 48,060. அங்கும் அந்த இடைநிலைக்குக் கீழேதான் நிற்கிறது இந்த வேலை. வித்தியாசம் என்னவென்றால் அங்கே தேசிய அளவில் தேர்வு வைத்துச் சான்று தரும் அமைப்புகள் உண்டு. அந்தச் சான்று ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வருகிறது. இங்கே ஒரு நிலையத்தின் சான்றிதழ் பக்கத்து மாவட்டத்திலேயே யாருக்கும் தெரிவதில்லை.

'வெளிநாடு போகலாம்' என்ற வாக்குறுதியையும் இங்கேயே முடித்துவிடலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செவிலியரை அது அனுப்புகிறது. அவர்கள் கேட்பது பி.எஸ்சி. அல்லது ஜி.என்.எம்., செவிலியர் குழுமப் பதிவு, அனுபவம். ஜெர்மனி என்றால் மொழித் தேர்வும். ஓராண்டுச் சான்றிதழோடு செவிலியராகப் போக வழி இல்லை.

சரி, அதே ஒரு வருடத்தையோ இரண்டு வருடத்தையோ வேறு எங்கே போடலாம்? நம் பக்கத்துப் பெற்றோர் பலருக்குத் தெரியாமலே போகும் கதவு ஒன்று சேலத்தில் இருக்கிறது. 1986இல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் மருத்துவக் கல்வி இயக்ககம் நடத்தும் சான்றிதழ், பட்டயப் படிப்புகள் உண்டு. அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம், டயாலிசிஸ், மயக்க மருந்துத் தொழில்நுட்பம், அறுவை அரங்கம், இ.சி.ஜி., சுவாசச் சிகிச்சை என்று ஒரு வருடப் படிப்புகள். ஆய்வகத் தொழில்நுட்பம், கதிரியக்கவியல் எல்லாம் இரண்டு வருடம். தனியார் நிலையக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சொற்பம். பயிற்சி, தினமும் ஆயிரக்கணக்கில் நோயாளி வரும் பெரிய மருத்துவமனையில். ஒரு வருடத்தில் அங்கே கையில் படியும் பழக்கம், முப்பது படுக்கை நர்சிங் ஹோமில் மூன்று வருடத்திலும் படியாது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததால் இன்னொரு வாசல் பக்கத்திலேயே வந்திருக்கிறது. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்பது வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அந்த வருட அறிவிப்பைப் பார்க்க வேண்டும். இந்த இடங்கள் குறைவு, மதிப்பெண் தரவரிசையில் நிரம்பும். அறிவிப்பு தனியார் சேர்க்கை எல்லாம் முடிந்த பிறகு வருவது ஒரு பெரிய சங்கடம். ஜூனிலேயே பணத்தைக் கட்டிவிட்ட குடும்பம் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை.

அரசுப் படிப்பு முடித்தவருக்கு வேலைக் கதவும் கொஞ்சம் அகலம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் சில வருடங்களுக்கு முன் 335 அறுவை அரங்க உதவியாளர் பணிக்கு ஆள் எடுத்தபோது தொடக்க அடிப்படை ஊதியம் 16,600. அதன் மேல் அகவிலைப்படி. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஒப்பந்தத்தில் எடுக்கும்போது அண்மை ஆண்டுகளில் கொடுத்த தொகை வேறு: பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளருக்கு 8,500, அறுவை அரங்க உதவியாளருக்கு 11,200, ஆய்வக நுட்பனருக்கு 13,000, செவிலியருக்கு 18,000. இந்த நான்கு எண்களையும் வரிசையாகப் பார்த்தால் படிப்புக்கும் பதிவுக்கும் அரசே என்ன விலை போடுகிறது என்பது தெரிந்துவிடும். ஒப்பந்தப் பணி நிரந்தரம் இல்லை. கொரோனா காலத்தில் 14,000க்கு எடுத்த செவிலியர் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்டதை நாம் பார்த்தோம்.

இரண்டு வருட ஆய்வகப் பட்டயத்தை மேலே போட்ட கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். தனியார் கட்டணம் வருடத்துக்கு ஐம்பதாயிரம், மற்றவை முப்பதாயிரம், இரண்டு வருடம் விட்ட கூலி 1,68,000. மொத்தம் மூன்று லட்சத்துக்குச் சற்று குறைவு. பன்னிரண்டாயிரத்தில் தொடங்கினால் மாதம் ஐயாயிரம் வித்தியாசம், ஐந்து வருடத்தில் திரும்பிவிடும். ஓராண்டுச் சான்றிதழைவிட ஒன்றே முக்கால் மடங்கு செலவு, மூன்றில் ஒரு பங்கு நாளில் மீட்பு. அதே படிப்பு அரசுக் கல்லூரியில் கிடைத்தால் மூன்றரை வருடமே போதும். மேலே பி.எஸ்சி. படிக்கவும் வழி இருக்கிறது.

எல்லாவற்றிலும் நல்ல கணக்கு ஏ.என்.எம். முடித்துக் கிராம சுகாதாரச் செவிலியர் ஆவது. தொடக்க அடிப்படை ஊதியம் 19,500, அகவிலைப்படி தனி. பணியில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வருடம் ஆவதற்குள் செலவு முழுக்கத் திரும்பிவிடும். ஆனால் 2023இல் வாரியம் அறிவித்தது மாநிலம் முழுவதற்கும் 2,250 இடங்கள். அதற்கு முன் பல வருடக் காத்திருப்பு. நான்கைந்து வருடம் சும்மா காத்திருந்தால் கணக்கு மறுபடி கீழே விழும். காத்திருக்கும் வருடங்களில் பதிவு பெற்ற துணைச் செவிலியராக வேறு இடத்தில் வேலை பார்க்கலாம் என்பதுதான் இதில் உள்ள ஆறுதல். பன்னிரண்டாம் வகுப்பு தேறிய 17 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் இதில் சேரலாம். அறிவியல் பாடம் கட்டாயம் இல்லை. சுவரொட்டி பார்த்து ஓராண்டில் சேர்ந்த எத்தனையோ பெண்களுக்கு இந்தத் தகுதி இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

கிராம சுகாதாரச் செவிலியர் என்றால் இந்த மாவட்டத்துக்கு ஒரு தனிச் சரித்திரமே உண்டு. 1981இல் டென்மார்க் நாட்டின் டேனிடா உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய சுகாதாரத் திட்டம் முதலில் எடுத்துக்கொண்டது சேலம், தென்னார்க்காடு என்ற இரண்டு மாவட்டங்களைத்தான். அன்று நாமக்கல்லும் சேலத்துக்குள் இருந்தது. கிராமத்திலேயே துணை சுகாதார நிலையம் கட்டி, அதோடு செவிலியர் தங்க வீடும் கட்டினார்கள். உள்ளூர்ப் பெண்ணுக்கு முறையான பயிற்சி, அரசுச் சம்பளம், இருக்க இடம் மூன்றும் சேர்ந்து கிடைத்ததும், பிரசவத்துக்கு மருத்துவச்சியை மட்டும் நம்பிய ஊர்கள் மாறின. பெண் சிசுக்கொலை பெரும் துயரமாக இருந்த காலம் அது. தொட்டில் குழந்தைத் திட்டமும் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறாள், எந்தக் குழந்தை எடை ஏறவில்லை என்று வீடு வீடாக நோட்டில் எழுதி வைத்தவர்கள் இந்தச் செவிலியர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த கிராமத்துப் பெண்ணை நம்பி முறையாகப் பயிற்சி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. அந்தப் பெண்களின் பேத்திகள் வயதில் இருப்பவர்களுக்குத்தான் இன்று ஒரு தாளைக் கொடுத்து எட்டாயிரத்துக்கு அனுப்புகிறோம். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதே பெண்களுக்கு வேறொரு இடம் திறந்தது. வீட்டுக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள். தொடக்கத்தில் ஊக்கத்தொகை 4,500. வேலை அருமை, தொகை போதாது. இவர்களுக்கு ஏ.என்.எம். படிக்க முன்னுரிமையும், வேலை பார்த்த காலத்துக்கு மதிப்பெண்ணும் கொடுத்தால் அந்தத் தொகையே ஒரு படிப்பூக்கத் தொகை போல ஆகிவிடும். ஓராண்டுச் சான்றிதழ் முடித்தவருக்கும் அப்படி ஒரு பாலம் வேண்டும். முறையாகத் தேர்வு வைத்து, தேறியவர்க்கு இரண்டாம் வருடம் மட்டும் படித்துப் பதிவு பெறும் வழி. செவிலியர் குழுமத்தின் விதியை மாற்றாமல் இது நடக்காது. மாற்றக் கேட்கலாம்.

செலவே இல்லாமல் இந்தத் துறையைத் தொட்டுப் பார்க்கவும் வழி உண்டு. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும், தீனதயாள் ஊரக இளைஞர் திறன் திட்டத்திலும், மாநிலத் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகளிலும் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்ற படிப்பு இலவசம். இதற்கும் செவிலியர் பதிவு கிடையாது, சம்பளமும் மேலே சொன்ன அளவுதான். ஆனால் அறுபதாயிரம் கட்டி வாங்கும் அதே நிலையை, சில மாதத்தில், காசில்லாமல் வாங்கலாம். ரத்தமும் மலமும் இரவுப் பணியும் தனக்கு ஒத்துவருமா என்று ஒரு பெண் தெரிந்துகொள்ள இது போதும். ஒத்துவந்தால் பிறகு ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். பக்கம் போகட்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் அங்கீகாரம் பெற்ற பட்டயப் படிப்பில் சேர்ந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். பையனுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன். அங்கீகாரம் இல்லாத நிலையத்தில் சேர்ந்தால் அந்த ஆயிரமும் இல்லை, வங்கிக் கல்விக் கடனும் கிடைக்காது. வங்கி மேலாளர் ஒரு படிப்புக்குக் கடன் தர மறுத்தால், அந்த மறுப்பே ஒரு தகவல். அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு வட்டிக்காரரிடம் போவது குடும்பத்துக்கு நல்லதல்ல.

சேர்க்கைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகம் இல்லை. படிப்பு முடிந்ததும் பெயர் எந்தக் குழுமத்தில் பதிவாகும், அந்தக் குழுமத்தின் பட்டியலில் இந்த நிலையத்தின் பெயர் இருக்கிறதா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள், இரண்டு பேரிடம் பேசலாமா? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கை, எத்தனை மாதம், அதற்குக் காசு உண்டா? 'பாப்பா படிச்சா வேலை கெடைக்குமா சார்' என்று மட்டும் கேட்டால் 'கண்டிப்பா கெடைக்கும்மா' என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் பொய்யும் இல்லை. எட்டாயிரத்துக்கு வேலை எப்போதும் கிடைக்கும்.

ஏற்கெனவே படித்து முடித்து வேலையில் இருக்கும் பெண்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்கக்கூடாது. அவர்கள் செலவு செய்தாயிற்று. இனி அவர்களுக்கு முக்கியம் கையில் சேரும் தாள்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனை என்றால் இ.எஸ்.ஐ. பொருந்தும். ஊழியர் பங்கு சம்பளத்தில் முக்கால் சதவீதம்தான், பேறுகால விடுப்பும் சிகிச்சையும் அதில் அடங்கும். இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் வருங்கால வைப்பு நிதி. மருத்துவமனைகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் தமிழ்நாட்டில் தனியாகக் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை உண்டு, அகவிலைப்படி வருடா வருடம் ஏறும். சேலத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் அந்த வருடத் தொகையைக் கேட்கலாம். சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தாலும் வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். வேலையை விடும்போது தேதியும் பணியின் பெயரும் எழுதிய அனுபவச் சான்றை, மருத்துவர் பதிவு எண்ணோடு கையெழுத்திட்டு வாங்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் சேர்ந்தவர்கள் தனித்தேர்வராக எழுதி அதை முடிக்கலாம். வயது 35 ஆகும்வரை ஏ.என்.எம். வாசல் திறந்தே இருக்கிறது.